கொழும்பிலிருந்து பலாலிக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

யாழ்ப்பாணத்துக்கு விமானத்தில் போக எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கொழும்பு வெள்ளவத்தையில் நாலு பேரிடம் கேட்டால் நாலு மறுமொழி வரும். ஒருவர் நாற்பது நிமிடம் என்பார். இன்னொருவர் ஒரு மணி நேரம் என்பார். சின்ன விமானத்தில் போய்வந்தவர் ஒன்றே கால் மணி என்று அடித்துச் சொல்வார். அரை நாள் போய்விடும் என்பவரும் இருக்கிறார். அவர் வீட்டு வாசலிலிருந்து கணக்குப் பார்க்கிறவர். நாலு பேர் சொல்வதும் சரிதான். ஆளுக்கு ஆள் மணிக்கூட்டைத் தொடக்கும் இடம்தான் வேறு. கைப்பேசியில் தேடினால் ஒரே ஓர் இலக்கம் வந்து நிற்கும், அது இந்த நாலில் எது என்று தெரியாது.

முதலில் தூரம். கொழும்பின் இரத்மலானை விமான நிலையம் வடக்கு அகலாங்கு 6 பாகை 49 கலையில் இருக்கிறது. யாழ்ப்பாணத்து விமான நிலையமான பலாலி 9 பாகை 47 கலை. ஒரு பாகைக்கு 60 கலை, ஆகவே இடையில் ஏறத்தாழ 178 கலை. கடலோடிகளும் விமானிகளும் தூரத்தைக் கடல்மைலில் அளப்பதற்குக் காரணமே, அகலாங்கில் ஒரு கலை என்பது ஒரு கடல்மைல் என்பதுதான். ஒரு கடல்மைல் 1.852 கிலோமீற்றர். பெருக்கிப் பாருங்கள், 330 கிலோமீற்றர் அளவில் வரும். எல்லா ஊர்களுக்கும் இந்தக் குறுக்குவழி சரிவராது. யாழ்ப்பாணம் கொழும்புக்கு ஏறக்குறைய நேர் வடக்கில் இருப்பதால்தான் நமக்குப் பொருந்துகிறது. 330 கிலோமீற்றர் வடக்கே போகும்போது கிழக்கே விலகுவது வெறும் 20 கிலோமீற்றர். மட்டக்களப்புக்கு இப்படிக் கணக்குப் போட முடியாது. இரத்மலானையிலிருந்து அது வடகிழக்கே சரிந்து, நேர்கோட்டில் 220 கிலோமீற்றர் அளவில் இருக்கிறது.

தரைவழியில் கொழும்பு - யாழ்ப்பாணம் 400 கிலோமீற்றர் என்று நாம் பழக்கத்தில் சொல்வதற்கும் இந்த 330க்கும் உள்ள வித்தியாசம், வீதி போகும் வளைவுகளின் வித்தியாசம். குருநாகல், தம்புள்ளை என்று உள்ளே போய், வவுனியாவைத் தொட்டு மேலேறுகிற பாதை அது.

அடுத்து, எந்தக் கொழும்பு என்று கேட்க வேண்டும். நகரத்துக்கு இரண்டு விமான நிலையங்கள். தெற்கே இரத்மலானை, 1935 நவம்பரில் முதல் விமானம் இறங்கிய, நாட்டின் முதலாவது விமான நிலையம். வடக்கே கட்டுநாயக்க. இரண்டுக்கும் இடையில் 40 கிலோமீற்றர். ஆகவே கட்டுநாயக்கவிலிருந்து பலாலி 290 கிலோமீற்றர்தான். வானத்தில் அது ஐந்தாறு நிமிட லாபம். வெள்ளவத்தையில் இருப்பவருக்கோ கட்டுநாயக்க போக ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டும். இரத்மலானைக்கு காலி வீதியில் நெரிசல் இல்லாவிட்டால் இருபது நிமிடம். வானத்தில் மிச்சம் பிடித்ததைத் தரையில் பல மடங்காகக் கொடுத்துவிடுவோம். நகரத்தின் வடக்கே இருக்கிற கொட்டாஞ்சேனைக்காரருக்கு இந்தக் கணக்கு வேறு. அவர் 2013இல் திறந்த அதிவேகப் பாதையில் ஏறிவிட்டால் கட்டுநாயக்கவே வசதி.

இனி நேரம். 330 கிலோமீற்றரை விமானத்தின் வேகத்தால் வகுத்தால் நேரம் வந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. எயார்பஸ் ஏ320 மாதிரியான ஜெட் விமானம் உச்ச உயரத்தில் மணிக்கு 830 கிலோமீற்றர் அளவில் பறக்கும். வகுத்தால் 24 நிமிடம். அப்படி ஒரு பயணம் நடக்கவே நடக்காது. 35,000 அடிக்கு ஏற அந்த விமானத்துக்கு ஏறக்குறைய 200 கிலோமீற்றர் தூரம் வேண்டும். இறங்குவதற்கு விமானிகள் மனதில் வைத்திருக்கும் கணக்கு, ஆயிரம் அடிக்கு மூன்று கடல்மைல். 35,000 அடிக்கு 105 கடல்மைல், அதாவது 195 கிலோமீற்றர். ஏற்றத்தையும் இறக்கத்தையும் கூட்டினாலே 395 ஆகிவிடுகிறது. பலாலி அதற்கு முன்னமே வந்துவிடும். ஜெட் விமானம் தன் முழு உயரத்தைத் தொடவே இந்தப் பாதையில் இடமில்லை. தாழப் பறந்தால் எரிபொருளை அள்ளிக் குடிக்கும்.

அதனால்தான் இந்த மாதிரித் தூரங்களுக்கு விசிறி வைத்த விமானங்கள். சென்னையிலிருந்து பலாலிக்கு வருகிற ஏடிஆர் 72 அப்படிப்பட்டது. அதன் வேகம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவு, உயரம் 17,000 அடி போதும். ஏற ஒரு 90 கிலோமீற்றர், இறங்க ஒரு 95 கிலோமீற்றர், நடுவில் சமமாகப் பறக்க நூற்றைம்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் குறைய. இரத்மலானையிலிருந்து பலாலிக்கு இந்த விமானம் வந்தால் வானத்தில் முக்கால் மணி நேரம் என்று கணக்குப் போடலாம். நாற்பது நிமிடம் என்றவர் சொன்னது ஏறக்குறைய இதைத்தான்.

ரிக்கற்றில் அச்சிடுவது வேறு நேரம். நிற்கும் விமானத்தின் சக்கரத்துக்கு முன்னால் கட்டை வைத்திருப்பார்கள். அந்தக் கட்டையை எடுத்த நிமிடத்திலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் நிமிடம்வரைதான் பயண நேரம். ஓடுபாதையின் முனைக்கு உருண்டு போவது, முன்னால் ஒரு விமானம் இறங்கக் காத்திருப்பது, இறங்கிய பின் தரிப்பிடத்துக்குத் திரும்பி வருவது எல்லாம் அதற்குள் அடங்கும். அதற்காகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் சேர்த்தால் ஒரு மணி நேரம் வந்துவிடும். இரண்டாமவரும் சரி.

மூன்றாமவர் போனது செஸ்னா கரவன் மாதிரிச் சின்ன விமானம். பத்துப் பன்னிரண்டு பேர், ஒற்றை இயந்திரம், மணிக்கு 340 கிலோமீற்றர் அளவில் வேகம். வகுத்துப் பார்த்தாலே 58 நிமிடம். தரையில் போகும் நிமிடங்களைச் சேர்த்தால் ஒன்றே கால் மணி.

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். விமானம் எப்போதும் காற்றை எதிர்த்து ஏறி, காற்றை எதிர்த்து இறங்க வேண்டும். நமது நாட்டில் வருடத்தில் பாதி தென்மேற்கிலிருந்தும் மீதி வடகிழக்கிலிருந்தும் காற்று வருவதால் ஓடுபாதைகளையும் அந்தத் திசையிலேயே போட்டிருக்கிறார்கள். இரத்மலானையும் கட்டுநாயக்கவும் 04/22, பலாலி 05/23. இந்த இலக்கங்களோடு ஒரு பூச்சியத்தைச் சேர்த்தால் திசைமானியின் பாகை கிடைக்கும். வைகாசியில் தென்மேல் காற்று எழும்பிவிட்டால், வடக்கே போகவேண்டிய விமானம் இரத்மலானையில் 22ஆம் பக்கமாக, கடலை நோக்கித் தெற்கே ஓடி ஏறும். பிறகு வளைந்து திரும்ப வேண்டும். பலாலியிலும் அதே காற்றுப் பலமாக இருந்தால் ஊரைத் தாண்டி வடகடலுக்கு மேலே போய், திரும்பி, தென்மேற்கைப் பார்த்து இறங்க வேண்டும். இரண்டு முனையிலும் சில நிமிடம் போகும். மார்கழி, தையில் வடகீழ்க் காற்றுக்கு இரண்டு முனையும் நேராகிவிடும், ஏறும் திசையிலேயே போய் இறங்கலாம். ஆனால் வழிமுழுக்க எதிர்க்காற்று. மணிக்கு 30 கிலோமீற்றர் எதிர்க்காற்று என்று வைத்தால் சின்ன விமானத்தின் 58 நிமிடம் 64 ஆகும். பெரிய வித்தியாசமென்று சொல்லமாட்டேன். ஆனால் "போன முறை சுணங்கவில்லையே" என்று கேட்பவருக்கு இது ஒரு மறுமொழி.

போர் முடிந்து சில வருடம் கழித்து, ஒரு வைகாசியில், பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு இரத்மலானையிலிருந்து இப்படி ஒரு சின்ன விமானத்தில் போனேன். சின்ன விமானத்தில் ஆட்களையும் நிறுப்பார்கள் என்று அவருக்கு நான் சொல்லி வைக்கவில்லை, அது என் பிழை. கடவுச்சீட்டோ அடையாள அட்டையோ கேட்பார்கள் என்று நினைத்து அட்டையை நீட்டிக்கொண்டு நின்றவரை, கைப்பையோடு தராசில் ஏறச் சொன்னார்கள். "அறுபத்திரண்டு" என்று அந்தப் பையன் எழுதுகிறவருக்குக் கேட்கச் சொன்னான். "தம்பி, மெல்லச் சொல்லுங்கோவன்" என்றார் பெரியம்மா. அவன் உடனே குரலைத் தாழ்த்தி, "மன்னிச்சுக் கொள்ளுங்கோ அம்மா, பாரத்தைப் பார்த்துத்தான் ஆரை எங்கை இருத்திறது எண்டு முடிவெடுக்கிறது" என்று விளங்கப்படுத்தினான். உண்மை அதுதான். பத்துப் பேர் போகும் விமானத்தில் ஒருவர் முன்னுக்கு இருப்பதா பின்னுக்கு இருப்பதா என்பதே அதன் சமநிலையை மாற்றும். மகளுக்கென்று கட்டிக்கொண்டு வந்த பிரஷர் குக்கருக்கு இடமில்லாமல் போய்விட்டது. அது அன்றிரவு வெள்ளவத்தையிலிருந்து போகும் பஸ்ஸில் பார்சலாக ஏறி மறுநாள் விடியப் போய்ச் சேர்ந்தது.

கடலைப் பார்த்து ஏறி, வலப்பக்கம் வளைந்தோம். கொழும்புத் துறைமுகம் வலக்கைப் பக்கம் போனது. கட்டுநாயக்கவில் இறங்கும் விமானங்களின் பாதையைத் தாண்டித்தான் வடக்கே போகவேண்டும் என்பதால் அங்கிருந்து அனுமதி கிடைக்கும்வரை தாழவே பறந்தோம். பிறகு இடப்பக்கம் புத்தளம் களப்பு, உப்பளங்களின் சதுரங்கள். அதற்கப்பால் வில்பத்துக் காடு. காட்டுக்குள்ளே அங்கங்கே வில்லு என்று சொல்லப்படும் நீர்நிலைகள். மன்னார்ப் பக்கத்தில் கட்டுக்கரைக் குளம் நேர் கீழே வந்தது. இரத்மலானைக்கும் பலாலிக்கும் இடையில் ஒரு நூலைப் பிடித்தால் அந்த நூல் இந்தக் குளத்தின் மேலால்தான் போகும். பூநகரிப் பக்கக் கடல்நீரேரி தாண்டியதும் செம்மண். பெரியம்மா அதுவரை ஒன்றும் பேசவில்லை. செம்மண்ணைக் கண்டதும் என் கையைத் தட்டி, "உது எங்கட பக்கம்" என்றார்.

வீட்டு வாசலிலிருந்து கணக்குப் பார்ப்பவரையும் கவனிப்போம். வெள்ளவத்தையிலிருந்து இரத்மலானைக்கு அரை மணி. புறப்பட ஒரு மணி நேரம் முன்னதாக நிற்க வேண்டும். பயணம் ஒன்றே கால் மணி. பொதி எடுத்து வெளியே வர இருபது நிமிடம். பலாலியிலிருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு 16 கிலோமீற்றர், அரை மணிக்குக் கொஞ்சம் மேல். மொத்தம் மூன்றரை மணிக்கு மேலே போகிறது. நகர்சேர் கடுகதிப் புகையிரதம் ஆறு, ஆறரை மணியில் கொண்டுபோய்விடுகிறது. இரவு பஸ் எட்டு மணி அளவில். விமானத்தில் போய் மிச்சம் பிடிப்பது மூன்று மணி நேரம் அளவில்தான். அதற்காக எத்தனை பேர் எத்தனை மடங்கு பணம் கொடுப்பார்கள் என்பதில்தான், என் எண்ணத்தில், கொழும்பு - யாழ்ப்பாண உள்நாட்டுச் சேவைகள் தொடங்குவதும் நிற்பதுமாக இருப்பதன் காரணம் கிடக்கிறது. அவசரத்துக்கும் நோயாளிகளுக்கும் அந்த மூன்று மணி நேரம் பெரிது. மற்றவர்களுக்கு இரவில் தூங்கிக்கொண்டே போகிற பஸ் போதும்.

ஆனால் இந்தப் பாதை எப்போதும் இப்படி "வேண்டுமென்றால் போகலாம்" என்ற பாதையாக இருந்ததில்லை. போர்க்காலத்தில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடிக்கிடந்த காலங்களில் யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு வெளியே வரக் கப்பலும் விமானமும்தான் இருந்தன. அந்த நாட்களில் 330 கிலோமீற்றருக்கு முன்னால் பாதுகாப்பு அனுமதிக்குக் காத்திருந்த நாட்களையும் சேர்த்தே பயண நேரத்தைக் கணக்கிட வேண்டும். 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட பயணிகள் விமானம் ஒன்று மன்னாருக்கு வடக்கே கடலில் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதிலிருந்த 55 பேரும் போய்ச் சேரவில்லை. ஒரு மணி நேரப் பயணத்துக்கு அனுப்பிவிட்டு வருடக்கணக்காகக் காத்திருந்த வீடுகள் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் இருக்கின்றன. இந்தத் தூரத்தைப் பற்றி எழுதும்போது அவர்களை விட்டுவிட்டு எழுத எனக்கு மனம் வராது.

தூரத்துக்கு மறுபடி வருகிறேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் எனக்கு ஆகப் பெரிய வியப்பைத் தந்த கணக்கு இனித்தான் வருகிறது. பலாலியிலிருந்து சென்னை மீனம்பாக்கம் 354 கிலோமீற்றர். அதாவது பலாலிக்கு இரத்மலானையும் சென்னையும் ஏறக்குறைய ஒரே தூரம். இரத்மலானையிலிருந்து சென்னைக்கு நேரே ஒரு கோடு போட்டால், அந்தக் கோடு பலாலியிலிருந்து ஐந்து கிலோமீற்றர் அளவில் தள்ளித்தான் போகிறது. பலாலியில் இறங்கி ஏறிப் போனாலும் தூரம் கூடுவது ஒரு கிலோமீற்றருக்கும் குறைவு. மூன்று விமான நிலையங்களும் ஒரே வரிசையில், நடுவில் பலாலி.

எயார் சிலோன் தன் முதலாவது பயணத்தை 1947 டிசம்பர் 10 அன்று தொடங்கியபோது எடுத்த பாதை இதுவே. 'சீதா தேவி' என்று பெயரிட்ட டக்கோட்டா விமானம் இரத்மலானையில் ஏறி, காங்கேசன்துறைக்கென்று பலாலியில் இறங்கி, அங்கிருந்து சென்னை போனது. வரைபடத்தைப் பார்க்கிற எவருக்கும் அந்தப் பாதைதான் முதலில் தோன்றியிருக்கும்.

அந்த நடு நிலையம் வெளிநாட்டுப் பயணத்துக்கு மூடிக்கிடந்தால் என்ன ஆகும் என்பதை 2016இல் சித்தப்பாவோடு போனபோது கண்டேன். அவர் அளவெட்டி. வீட்டிலிருந்து பலாலி ஓடுபாதை சைக்கிளில் போகிற தூரம். கண்ணில் வெள்ளை படர்ந்து சென்னையில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். இரவு பஸ்ஸில் எட்டு மணி நேரம் தெற்கே வந்தார். என் வீட்டில் ஒரு பகல் படுத்தார். மறுநாள் விடிய முன்னம் எழும்பிக் கட்டுநாயக்க போய், மூன்று மணி நேரம் முன்னதாக வரிசையில் நின்று, சென்னை விமானத்தில் ஏறினோம். வீதியில் 400, வானத்தில் 645; ஆயிரம் கிலோமீற்றருக்கு மேல் சுற்றி 354 கிலோமீற்றரில் இருக்கிற ஊருக்குப் போகிறார். ஏறி முக்கால் மணி ஆகியிருக்காது, "இப்ப எங்கை நிக்கிறம்?" என்று கேட்டார். அவருக்கு யன்னலால் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை. நான் எட்டிப் பார்த்தேன். கீழே கடல்நீரேரியும் தீவுகளும்.

"எங்கட ஊருக்குக் கிட்ட, சித்தப்பா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரெண்டு நாளாய்ப் பயணம் செய்து வீட்டடிக்குத்தான் வந்திருக்கிறம்" என்றார்.

பலாலி 2019 ஒக்டோபர் 17 அன்று யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தது. அன்று முதலாவதாக வந்திறங்கியது சென்னை விமானம். அடுத்த மார்ச்சில் கொரோனா வந்து சேவையை நிறுத்தியது. 2022 டிசம்பரில்தான் மறுபடி தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இண்டிகோவும் சென்னையிலிருந்து வரத் தொடங்கி, 2025 மார்ச் கடைசியில் திருச்சியையும் சேர்த்துக்கொண்டது. திருச்சி பலாலிக்கு நேர்கோட்டில் 185 கிலோமீற்றர்தான். கொழும்பை விட எவ்வளவோ கிட்ட. கால அட்டவணையில் அதற்கும் ஒரு மணி நேரம் அளவில் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஏற்றம், இறக்கம், தரையில் உருளும் நிமிடங்கள் எல்லாம் தூரம் குறைந்ததற்காகக் குறைவதில்லை. இதே காரணத்தால்தான் 354 கிலோமீற்றர் சென்னை - பலாலிப் பயணத்தை ஏடிஆர் செய்வதற்கும், 645 கிலோமீற்றர் கட்டுநாயக்க - சென்னைப் பயணத்தை ஜெட் விமானம் செய்வதற்கும் ரிக்கற்றில் ஏறக்குறைய ஒரே நேரம், ஒன்றே கால் முதல் ஒன்றரை மணி.

இந்த அட்டவணைகளை வாசிக்க இப்போது புறப்படும் நேரத்தை வந்துசேரும் நேரத்திலிருந்து கழித்தால் போதும், இலங்கைக்கும் இந்தியாவுக்கும் ஒரே மணி. 1996க்கும் 2006க்கும் இடையில் அப்படி இல்லை. கொழும்பு மணிக்கூட்டை முன்னே தள்ளி வைத்திருந்தார்கள், பெரும்பகுதியும் சென்னைக்கு அரை மணி முன்னே. போகும்போது ஐம்பது நிமிடம் போலவும், திரும்பும்போது ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல் போலவும் ரிக்கற் காட்டும். அந்தக் காலத்து ரிக்கற்றைப் பார்த்துத் தூரம் கணக்கிட்டவர்கள் குழம்பியிருப்பார்கள்.

சித்தப்பாவின் மற்றக் கண்ணுக்கு 2023இல் சத்திரசிகிச்சை. இந்த முறை நான் போகவில்லை, அவருடைய மகன் போனான். காலையில் கிணற்றடியில் குளித்து, தோய்த்து மடித்த வேட்டி கட்டி, ஓட்டோவில் பலாலிக்குப் போனார்கள். பின்னேரம் சென்னையிலிருந்து என்னைக் கூப்பிட்டார். பயணம் எப்படி என்று கேட்டேன். ஏறினதும் இறங்கினதும்தான் தெரியும் என்றார். பிறகு, வேட்டியின் மடிப்புக்கூட இன்னும் கலையவில்லை என்று சொன்னார்.